புகைப்படக் கருவியும் பெருந்தோட்டமும்: கந்தப்பளையை முன்னிறுத்திய சில வரலாற்றுக் குறிப்புகள்

உலகெங்கும் படமாகப் பரவிய உழைக்கும் மக்களுள் இலங்கையின் மலையகப் பெருந்தோட்டத் தொழிலாளர் முக்கிய இடம் பெறுவர். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, இடுப்பிலே படங்கு கட்டி, மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பொதியிலும் அஞ்சலட்டையிலும் விளம்பரப் பலகையிலும் நூறாண்டுகளுக்கு மேலாக இடம்பெற்று வந்துள்ளது. ஆயின் அப்பெண்ணின் லயன் அறையில் அவளது பாட்டியின் படம் ஒன்றேனும் உண்டா என வினவினால், பெரும்பாலும் இல்லை என்ற விடையே கிடைக்கும். உருவம் ஊரெங்கும் உலாவ, உருவத்துக்கு உரியவரிடம் அது இல்லாதுபோன இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதையும், அதனை நீக்குவதற்கு நாம் செய்யக்கூடியது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகைப்படத்தை வெறும் கலையாகவோ வெறும் பொறிநுட்பமாகவோ நோக்குவது போதாது. கண்ணாடித் தகடு, வெள்ளி உப்பு, வில்லை, படச்சுருள் ஆகிய யாவும் உற்பத்திப் பொருள்கள். அவற்றை வாங்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது, யார் யாரை எந்நோக்கத்துடன் படமெடுத்தனர், எடுத்த படம் எங்கே விற்கப்பட்டது என்பன உற்பத்தி உறவுகளோடு பிணைந்த வினாக்கள். எனவே கருவியின் வரலாற்றையும் தோட்டத்தின் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்குதல் அவசியமாகின்றது.

1. ஈரத்தகடும் கோப்பித் தோட்டமும்

மலையகப் புகைப்பட வரலாறு பற்றிப் பேசும் எவரும் முதலிற் குறிப்பிடுவது ஜூலியா மாகிரட் கமெரோன் அம்மையாரையே. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1863இல் தமது 48ஆவது வயதில் மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். தெனிசன், டார்வின், ஹேர்ஷல் போன்ற அறிஞர்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற பின்னர், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமான அவர் பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார்.

கலை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுவர். நாம் ஒருபடி மேலே சென்று, அவர் கணவர் யார் என்று நோக்குதல் வேண்டும். சார்ள்ஸ் ஹே கமெரோன், 1831-32இல் அறிக்கை சமர்ப்பித்த கோல்புறூக்-கமெரோன் ஆணைக்குழுவின் உறுப்பினர். அவ்வாணைக்குழுவின் விதந்துரைகளையொட்டி 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. நிலமானியக் கட்டுக்கள் தளர்ந்தன. கூலி உழைப்பும் தனியார் மூலதனமும் புகுவதற்கான வழி திறந்தது. அவ்வழியால் வந்ததே கோப்பிப் பெருந்தோட்டம். ஆணைக்குழு உறுப்பினரே பின்னர் திம்புளைப் பகுதியில் கோப்பித் தோட்ட உடைமையாளராகவும் விளங்கினார். அம்மையாரின் கமராவுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நடந்து வந்த தொழிலாளரின் வியர்வைக்கும் இடையே இருந்த தொடர்பு இதுதான்.

அக்காலத்தில் வழங்கிய ஈரத்தகட்டு முறையின் தன்மையையும் இங்கு விளக்குதல் பொருந்தும். கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் எனும் பசைக்கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன்னரே கமராவில் வைத்து ஒளிபடச் செய்து, உடனடியாகவே இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். இவை யாவும் சில நிமிடங்களுள் முடிதல் வேண்டும். ஆகையால் படமெடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் தொட்டிகளும் போத்தல்களும் தண்ணீரும் உடன் செல்ல வேண்டியிருந்தது. மலைநாட்டில் இச்சுமை மனிதரின் தோளிலும் தலையிலும் ஏறியது. ஒருவர் படமெடுக்கப் பலர் சுமந்தனர். இங்கிலாந்திற் பெருந்தொகையாகப் படமெடுத்த கமெரோன் அம்மையார் இலங்கையில் எடுத்தவற்றுட் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் கிராம மக்களும் கம்பீரமான தோற்றத்துடன் காணப்படுகின்றனர். அம்மையார் அவர்களை மரியாதையுடன் நோக்கினார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் டார்வின், ஹேர்ஷல் படங்களுக்குப் பெயரிட்டு எழுதிய அதே கை, இவர்களைக் கூட்டமாகவும் வகையாகவுமே குறித்து வைத்தது. தனியொருவரின் நல்லெண்ணம் சமூக உறவின் எல்லையைத் தாண்ட இயலாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

2. தேயிலையும் வணிகப் படமும்

1869இல் பரவத் தொடங்கிய இலை நோய் அடுத்துவந்த ஆண்டுகளில் கோப்பிச் செய்கையை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிர் மாற்றம் மட்டுமன்று. கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் தேவைப்பட்டது. வந்தவருட் பெரும்பாலோர் ஆண்கள், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவோர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். அதற்குக் குடும்பமாக நிலைத்துத் தங்கும் உழைப்பும், குறிப்பாகப் பெண்களின் கையும் தேவைப்பட்டன. லயன் அறை நிலையான குடியிருப்பாக உருவானதும் கொழுந்து பறிக்கும் பெண் மலையகத்தின் முதன்மை உருவமாக எழுந்ததும் இப்பொருளாதார மாற்றத்தின் விளைவுகளே.

இதே காலத்தில் புகைப்பட நுட்பமும் மாறிற்று. 1871இல் மடொக்ஸ் அறிமுகஞ் செய்த ஜெலற்றீன் உலர்தகடு, அப்பத்தாண்டின் இறுதியில் வணிகப் பொருளாயிற்று. முன்கூட்டியே பூசப்பட்ட தகட்டைப் பெட்டியிற் கொண்டுசென்று, எடுத்த படத்தைப் பின்னர் ஆறுதலாக உருத்துலக்கலாம். 1888இல் கொடாக் நிறுவனம் நூறு படங்களுக்கான சுருளுடன் கையடக்கக் கமராவை விற்பனைக்கு விட்டது. தேயிலை உற்பத்தி பெருகிய அதே ஆண்டுகளில் படத்தின் உற்பத்தியும் மலிந்து பெருகியது.

கொழும்பில் ஸ்கீன் கம்பனியும், கண்டியில் லோட்டனும் பின்னர் ஸ்கோவனும் நடாத்திய ஸ்டூடியோக்கள் கோயில், குளம், புராதன நகரம் ஆகியவற்றுடன் தோட்டக் காட்சிகளையும் விற்றன. 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் நுவரெலியாவிலும் கிளை அமைத்தது. அதன் அஞ்சலட்டைகள் கப்பற் பயணிகள் வாயிலாகப் பல நாடுகளுக்கும் சென்றன. அதே 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையிலே தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற கருத்துப்பட விளம்பரஞ் செய்தார். இடைத்தரகர் இல்லை என்று கூறிய அவ்விளம்பரத்தில், இடையில் நின்ற உழைப்பும் இல்லாது போயிற்று. கூடை சுமந்த தமிழ்ப் பெண் விளம்பரத்தில் நின்றாள். ஆனால் தொழிலாளியாக அல்ல, பண்டத்தின் அலங்காரமாக.

3. படம் காட்டுவதும் மறைப்பதும்

ஹென்றி கேவ் 1900இல் வெளியிட்ட இலங்கைத் தேயிலைத் தொழில் பற்றிய நூல், தாமே எடுத்த படங்களைக் கொண்டது. ஆர்ணல்ட் றைற் பதிப்பித்து 1907இல் வெளிவந்த இருபதாம் நூற்றாண்டு இலங்கை பற்றிய பெருநூல் துரைமாரின் பங்களாக்களையும் தொழிற்சாலைகளையும் பக்கம் பக்கமாகக் காட்டுகின்றது. இவ்வகை நூல்களைப் புரட்டுவோர் ஒழுங்கையும் தூய்மையையும் செழுமையையும் காண்பர். கங்காணியிடம் பட்ட கடனைக் காணார். ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்வதைக் கட்டுப்படுத்திய துண்டு முறையைக் காணார். அதிகாலைப் பிரட்டில் நடுங்கி நிற்கும் பிள்ளைகளைக் காணார்.

பேர்டோல்ட் பிரெக்ட் இதனையொத்த கருத்தொன்றைக் கூறியுள்ளார். பெருந்தொழிற்சாலை ஒன்றின் புகைப்படம் அந்நிறுவனத்தைப் பற்றி அனேகமாக எதனையும் உணர்த்துவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். வால்டர் பெஞ்சமின் புகைப்பட வரலாறு பற்றி 1931இல் எழுதிய கட்டுரையில் இதனை எடுத்தாண்டு, படத்துக்கு எழுத்துக் குறிப்பு இன்றியமையாதது எனும் முடிவை நோக்கிச் செல்கின்றார். மனித உறவுகள் பொருளுறவாகத் திரிபடைந்த சமூகத்தில், தோற்றத்தை மட்டும் பதிவு செய்யும் கருவி அத்திரிபையே பதிவு செய்யும். கமரா பொய் சொல்லாது என்பர். பொய் சொல்லாமலே உண்மையை மறைக்க இயலும் என்பதைத் தோட்டப் படங்கள் நிறுவுகின்றன.

இதற்கு ஓரளவு விதிவிலக்காக அமைந்தது 1934இல் பசில் றைற் நெறிப்படுத்திய 'சோங் ஒவ் சிலோன்' எனும் விவரணப் படமாகும். இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக எடுக்கப்பட்ட இதற்குக் குரல் கொடுத்தவர், இலங்கையின் தலைசிறந்த புகைப்படக் கலைஞராகிய லயனல் வென்ட். வணிகத்தின் குரல்கள் பற்றிய பகுதியில், உழைப்புக் காட்சிகளின்மேல் சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும் ஒலிக்கின்றன. உழைப்புக்கும் சந்தைக்கும் இடையேயுள்ள தொடர்பு செவிக்குப் புலனாகின்றது. எனினும் பிரசார சபையின் பணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்திலும் அவ்வுழைப்பாளர் தம் கதையைத் தாமே கூறவில்லை. 1935 முதல் வெளியான அஞ்சல்தலை வரிசையிலும் கொழுந்து பறிக்கும் காட்சி ஒன்று இடம்பெற்றது. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், அத்தகைய காட்சியில் நின்றோரின் இனத்தவரே நாடற்றவராக்கப்பட்டனர்.

4. கந்தப்பளையில் கமரா

நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வீதியில், மூடுபனி நிறைந்த மேட்டுநிலத்தில் அமைந்தது கந்தப்பளை. கோட்லோட்ஜ், கொன்கோர்டியா, பார்க் முதலிய தோட்டங்கள் சூழ்ந்த இச்சிறு நகரம் இன்று மரக்கறிச் செய்கைக்கும் பெயர்பெற்றது. பிரதான புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு 1903இலும், கந்தப்பளையூடாக இராகலைக்கு 1904இலும் ஒடுங்கிய பாதை திறக்கப்பட்டது. 6,300 அடிக்கு மேல் உயரத்தில் இருந்த கந்தப்பளை நிலையம் இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையங்களுள் ஒன்று. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்கும் அரிசி மூடைகளை ஏற்றுவதற்கும் அமைந்த அப்பாதை 1940களிற் கைவிடப்பட்டது.

அதே பாதையால் கமராவும் படச்சுருளும் ஏறி வந்திருத்தல் வேண்டும்; ஆனால் அவை பங்களா வாசலோடு நின்றன. இதற்கு விளக்கம் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சாதாரண மக்களுக்கான கமரா எனப் போற்றப்பட்ட கொடாக் பிறவுணியின் விலை 1900இல் ஒரு டொலர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொடர்ந்து மலைநாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அன்றைய நாணயமாற்றுப்படி ஒரு டொலர் ஏறத்தாழ 2 ரூபாய் 75 சதம். விலை உயராதிருந்தது எனக் கொண்டாலுங்கூட, கொழுந்து பறிக்கும் பெண் ஆறு நாட்களுக்கு மேற்பட்ட முழுக்கூலியைக் கொடுத்தாலன்றி மிக மலிந்த கமராவையேனும் தொட்டிருக்க முடியாது. சுருளுக்கும் கழுவுவதற்கும் வேறு செலவு. உலகச் சந்தையில் 'மக்கள்' எனப்பட்டவருள் இம்மக்கள் அடங்கவில்லை.

தோட்டச் சமூகமும் ஒருபடித்தானதன்று. பெரிய கங்காணிமார் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, ஸ்டூடியோவின் திரைச்சீலைக்கு முன்னால் அமர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் உள்ளன. கணக்கப்பிள்ளைமார், கண்டாக்குமார் குடும்பங்களிலும் திருமணப் படங்கள் காணப்படுகின்றன. லயனிற் குடியிருந்தோரிடமே படம் இல்லை. சாதியும் வர்க்கமும் யாருடைய முகம் நினைவிற் பேணப்படும் என்பதையுந் தீர்மானித்தன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை வலியுறுத்துதல் வேண்டும். தோட்ட நிருவாகத்திடம் தொழிலாளரைப் பற்றிய பதிவு இருக்கவே செய்தது. அது செக்ரோல். அதில் பெயர் உண்டு, முகம் இல்லை. வணிகனின் அஞ்சலட்டையில் முகம் உண்டு, பெயர் இல்லை. ஒன்று உழைப்பைக் கணக்கிட்டது; மற்றது தோற்றத்தை விற்றது. பெயரும் முகமும் கூடிய முழு மனிதர் இரண்டிலும் இடம்பெறவில்லை.

5. கடவுச்சீட்டுப் படம்

பெயரையும் முகத்தையும் முதன்முறையாகப் பெருந்தொகையில் இணைத்து வைத்தது அரசு. ஆனால் அது இம்மக்களைப் போற்றுவதற்காக அன்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோருள் மிகப் பலர் நிராகரிக்கப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு என மக்கள் எண்களாகப் பங்கிடப்பட்டனர். 1974இல் அவ்வெஞ்சியோரும் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கீட்டில் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. பங்கீடு முடிந்த பின்னரே படிவம் நீட்டப்பட்டது.

படிவத்தோடு படமும் வேண்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கமராவுக்கு முன்னே காசு கொடுத்து நின்றறியாதோர், அரைநாட் கூலியை இழந்து, நகரத்து ஸ்டூடியோ வாசலில் வரிசையாக நின்றனர். அக்காலத்து ஸ்டூடியோ முறையை முதியோர் நன்கறிவர். முக்காலியின்மேற் பெரிய கமரா, இருபுறமும் மின்குமிழ்கள், பின்னே வெள்ளைத் துணி, சுவரோரத்தில் இரவலாக ஒரு கோட்டு, சட்டமிட்ட கண்ணாடி, பவுடர் டப்பா. அசையாமல் இருக்கும்படி கூறிவிட்டுப் படமெடுப்பவர் விசையை அழுத்துவார். பின்னர் இருட்டறையில் உருத்துலக்கி, நிலைப்படுத்தி, கழுவி, உலர்த்தி, சிறு சதுரங்களாக வெட்டித் தருவார். கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்தானிகரகத்தை நோக்கி அச்சதுரங்கள் சென்றன.

எமது வீட்டில் இருக்கும் மிகப் பழைய படமும் அத்தகையதே. கந்தப்பளைத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த எனது பாட்டியின் கடவுச்சீட்டுப் படத்தின் எஞ்சிய பிரதி அது. அண்ணன் குடும்பம் முந்திப் போயிற்று; பாட்டியின் முறை வந்தபோது கப்பல் நின்றுவிட்டது. அதனால் அவர் இங்கேயே தங்கினார். போவதற்காக எடுத்த படம், போகாதவரின் ஒரே படமாயிற்று. இது தனியொரு வீட்டின் கதையன்று. மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் இறந்தவரின் படமாக மாலையிடப்பட்டிருப்பது, பெருப்பிக்கப்பட்ட கடவுச்சீட்டுப் படமே.

ஒப்பாரிக் கோச்சி என மக்கள் பெயரிட்ட புகையிரதம் தலைமன்னாருக்குச் சென்றது. அங்கிருந்து கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. 1984இல் அக்கப்பற் சேவை நின்றது. அதற்கு முன்னரே, 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்தையும் தாக்கின. 1983 ஜூலையில் நுவரெலியா நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்தவற்றைக் கணக்கிட்டோர் கட்டிடத்தையும் சரக்கையும் கணக்கிட்டனர். சட்டமிட்ட படங்களும் ஸ்டூடியோக்களின் எதிர்ப்படங்களும் எந்தக் கணக்கிலும் வாரா.

தேசிய அடையாள அட்டையின் கதையும் இதன் தொடர்ச்சியே. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட அவ்வட்டை பிரசைகளுக்கே உரியது. நாடற்றவருக்கு அது கிடைக்கவில்லை. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் முகம் பதிந்த ஒரு துண்டு அட்டை இல்லாமை கைதுக்குப் போதுமான காரணமாயிற்று. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் முடிவுக்குக் கொண்டுவந்தன. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு மக்கட்கூட்டத்தின் முகம், சட்டத்தின் இரக்கத்தை எதிர்பார்த்திருந்தது.

6. நீலகிரியில் ஓர் ஒப்புநோக்கு

தாயகம் திரும்பியோர் எனப்பட்டவருள் ஒரு பகுதியினர் நீலகிரியிற் குடியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வேலை வழங்கும் நோக்குடன் 1968இல் தமிழ்நாட்டு வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எனக் கந்தப்பளையின் மூடுபனி அங்கும் தொடர்ந்தது, கூடையும் தொடர்ந்தது.

அதே நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்தில், இந்திய அரசு 1960இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியற்ற காற்றும் குளிரும் படச்சுருள் உற்பத்திக்கு உகந்தவை என்பதால் மலைநகரம் தெரிவு செய்யப்பட்டது. 'இந்து' என்னும் பெயரில் அது கறுப்பு-வெள்ளைச் சுருளும் தாளும் எக்ஸ்-கதிர்ப் படலமும் தயாரித்தது. அந்நியக் கம்பனிகளின் ஏகபோகத்திலிருந்து புகைப்படத்தை விடுவிக்க முயன்ற அப்பொதுத்துறை ஆலை, எண்முறைப் படத்தின் வருகையாலும் தாராளமயக் கொள்கையாலும் நலிந்து மூடப்பட்டுவிட்டது. ஒரே மலைத்தொடரில் படச்சுருள் ஆலையும், கடவுச்சீட்டுப் படத்தோடு வந்திறங்கிய மக்களும் அருகருகே இருந்தனர். தேயிலையும் படச்சுருளும் குளிர் நாடும் பண்டங்கள்; ஆயின் அவற்றை உருவாக்குவோரிடம் அவை தங்குவதில்லை.

7. தொழிலாளரின் கையில் கருவி

இதுவரை கூறியவற்றிலிருந்து கமரா அடக்குவோரின் கருவி மட்டுமே என முடிவு செய்தல் தவறாகும். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலைசெய்த சிறுவரைப் படமெடுத்தார். பெயர், வயது, வேலைநேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான போராட்டத்தில் அவை சான்றாகின. ஜேர்மனியில் 1926இல் தோன்றிய தொழிலாளர் புகைப்பட இயக்கம் ஒருபடி மேலே சென்று, தொழிலாளரே தம் வாழ்வைப் படமெடுக்கப் பயிற்சி அளித்தது. 1933இல் நாசிகள் அதனை நசுக்கினர். 1973இல் பிரித்தானியத் தொலைக்காட்சி, இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நிலையைப் படமாக்கிக் காட்டியபோது, தேநீர் அருந்தும் நாட்டில் மனச்சாட்சி சற்று அசைந்தது. படத்தோடு பெயரும் காரணமும் சேரும்போது அது சான்றாகின்றது.

இன்று கருவியின் விலை தடையாக இல்லை. 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் மலிவான கமராக்கள் வந்தன. மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாகச் சென்ற பெண்கள் கொண்டுவந்தனர். இப்போது கைத்தொலைபேசி ஏறத்தாழ எல்லா லயன்களிலும் உண்டு. கந்தப்பளையின் ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உல்லாச விடுதியாயிற்று. விருந்தினர் இன்னமும் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பெயர் கேளாமற் படமெடுத்துச் செல்கின்றனர். ஆகையால் இன்றைய தேவை விலையுயர்ந்த கருவி அன்று. நோக்கும் முறையும் பயிற்சியுமே.

பாடசாலை மட்டத்தில் மிக எளிய முயற்சிகளிலிருந்து தொடங்கலாம். வெறும் பால்மாப் பேணி ஒன்றே கமராவாகப் போதும். உட்புறத்துக்குக் கறுப்பு மை பூசுதல் வேண்டும். பக்கத்தில் துளையிட்டு, அதன்மேல் மெல்லிய தகரத் துண்டிலே ஊசிமுனையால் ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் துவாரமிட்டு ஒட்டுதல் வேண்டும். எதிர்ப்புறத்தில், சிவப்பு விளக்கின்கீழ்ப் படத்தாளைச் செருகிப் பேணியை மூடி, துவாரத்தைக் கறுப்பு நாடாவால் மறைத்து வெளியே கொண்டுசெல்லலாம். நல்ல வெயிலில் ஒரு நிமிடம் அளவும், மூடுபனியிற் பல நிமிடமும் துவாரத்தைத் திறந்து வைத்தால் எதிர்ப்படம் பதியும். வில்லையின்றியே ஒளி உருவமாகும் விந்தையைத் தம் கையாற் செய்து காணும் மாணவன், கமராவை மாயப்பொருளாக அன்றி உழைப்பின் விளைபொருளாக அறிவான்.

உருத்துலக்கும் இரசாயனத்துக்கும் எப்போதும் கடையை நாட வேண்டியதில்லை. உடனடிக் கோப்பித்தூளும் சலவைச் சோடாவும் கலந்த கரைசல் படச்சுருளை உருத்துலக்கும் என்பதை 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆசிரியர் ஒருவரும் மாணவரும் செய்து காட்டினர். கோப்பியிலுள்ள பீனோல் சேர்வைகள், ஒளிபட்ட வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக மாற்றுகின்றன. தேயிலையிலும் அத்தகைய சேர்வைகள் உண்டு. கடுஞ்சாயத்தைப் பயன்படுத்தினால், நேரம் கூடினும் படம் தோன்றும். மலையகத்தில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். உருத்துலக்கும் நேரங்கள் பொதுவாக 20 பாகை வெப்பநிலைக்கே கணிக்கப்பட்டவை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 16 பாகை. காலை நேரத்துக் குழாய்நீர் அதனிலுங் குளிர்ந்தது. எனவே கரைசற் பாத்திரத்தை இளஞ்சூட்டு நீரில் வைத்தல் வேண்டும். இன்றேல் படம் வெளிறிப்போகும்.

இவற்றிலும் முதன்மையான பணி ஒன்று காத்திருக்கின்றது. எஞ்சியுள்ள பழைய படங்களைப் பிரதி செய்தலே அது. லயன் அறைகளின் ஒழுகும் கூரையும் அடுப்புப் புகையும் ஈரக்காற்றும் படத்தாளின் ஜெலற்றீன் படலத்தைப் பூஞ்சணத்துக்கு இரையாக்குகின்றன. பிரதி செய்வதற்கு நல்ல வெளிச்சமுள்ள யன்னலும் ஒரு மேசையும் கைத்தொலைபேசியும் போதும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க இயலுமாயின் எடுத்து, கண்ணாடியோடு ஒட்டியிருப்பின் உரிக்காமல் அப்படியே வைத்து, சாய்ந்து வரும் பகலொளியில், மின்வெட்டொளி இன்றி, கருவியைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுத்தல் வேண்டும். பின்புறத்தில் முத்திரையோ எழுத்தோ இருப்பின் அதனையும் எடுத்தல் அவசியம். பல வேளைகளில் ஸ்டூடியோவின் பெயரும் ஆண்டும் அங்கேயே உள்ளன. மூலப்படத்தை உரியவரிடமே அன்றே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இரவல் வாங்கிச் சென்ற ஆய்வாளர் திரும்பி வராத அனுபவம் எம்மக்களுக்குப் புதியதன்று.

பிரதி எடுத்தலோடு பணி முடிவடையாது. படத்தில் நிற்போர் யார், எந்தத் தோட்டம், எந்த மலை, எந்த நிகழ்ச்சி என்பவற்றை வீட்டு முதியவரிடம் கேட்டுக் குரலாகவும் எழுத்தாகவும் பதிதல் வேண்டும். எதை வெளியிடலாம், எதை வெளியிடலாகாது என்பதை அவர்களே தீர்மானித்தல் வேண்டும். கம்பளைக்கு அண்மையில் பழைய பீகொக் தோட்டத்து லயன் அறைகளில் அமைந்த தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமும், 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்முறையிற் பேணிவரும் நூலகம் திட்டமும் இத்துறையில் முன்னோடிகளாக விளங்குகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் ஒரு தோட்டத்தையேனும் பொறுப்பேற்குமாயின், பத்தாண்டில் பெறுமதிமிக்க ஆவணத் தொகுதி ஒன்று உருவாகும்.

முடிவுரை

தொகுத்து நோக்கின், மலையகப் புகைப்பட வரலாற்றில் மூன்று கட்டங்கள் தெளிவாகின்றன. முதற் கட்டத்தில், காலனித்துவ மூலதனம் தொழிலாளரின் முகத்தைப் பெயரின்றி விற்றது. பெயரை முகமின்றிக் கணக்கிட்டது. இரண்டாம் கட்டத்தில், அரசுகள் பெயரையும் முகத்தையும் இணைத்து, அவ்விணைப்பைக் கொண்டே குடும்பங்களைப் பிரித்தன. மூன்றாம் கட்டம் இப்போதுதான் தொடங்கியுள்ளது. அதில் கருவி மக்களின் கையில் உண்டு. ஆனால் கருவி கைக்கு வருதல் மட்டும் விடுதலையாகாது. தம் வரலாற்றைத் தாமே பெயரிட்டுக் கூறும் அமைப்பும் உணர்வும் உடன் வளர்தல் வேண்டும்.

மலையக மக்களின் இருநூறாண்டு வரலாறு 2023இல் நினைவுகூரப்பட்டபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர் மூதாதையர் நடந்த வழியைத் தம் கால்களால் மீட்டனர். மூதாதையரின் முகங்களை மீட்கும் பணி எஞ்சியுள்ளது. கடவுச்சீட்டுப் படத்தில் நேராக நோக்கும் அம்முதியவர்களை அன்று பார்த்தது அதிகாரியின் கண் மட்டுமே. அவர்களை அறிந்தோர் இன்னும் சிலர் உயிரோடிருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் நமது கடமை.